நிறையாத கேலரி

நெடுந்துறைக் கால்பந்து மைதானத்தில் புதிதாகக் கட்டிய கேலரியை மந்திரிக்க வந்த பங்குச்சாமியார் ரெமிஜியுஸ், வெயில் உச்சந்தலையில் இறங்கிவிட்டதாலும் பின்னால் நின்றவர்கள் வேண்டுமென்றே இருமத் தொடங்கிவிட்டதாலும், புத்தகத்தில் போட்டிருந்த செபத்தைப் பாதியில் மூடிவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்தார்: "மிக்கேல் சம்மனசே, இங்கே வருகிற ஒருத்தருக்கும் இடமில்லை என்று ஆகாதிருப்பதாக." ஊர் ஆமென் சொல்லிவிட்டுப் பாயசத்துக்கு ஓடியது. சம்மனசுகளிடம், அதாவது தேவதூதர்களிடம், பேசும்போது வார்த்தையை அளந்து பேச வேண்டும் என்று செமினாரியில் சொல்லித்தருவார்களாம். ரெமிஜியுஸ் அந்த வகுப்பில் தூங்கியிருப்பார் என்று பிற்பாடு ஊர் முடிவு செய்தது.

முதல் ஆட்டத்துக்கு ஊரே வந்தது, கடலுக்குப் போனவர்கள் வலையை அரைகுறையாக இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வேண்டாதவர்களும் வந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நடுவரிசையில் ஒரு நீல நாற்காலி காலியாக இருந்தது. ஐஸ் கம்பெனிக்காரர் பிந்தி வந்து அதில் உட்கார்ந்தார், அவருக்குப் பக்கத்தில் இன்னொன்று காலியாக இருந்தது. அதில் அவருடைய மைத்துனர் உட்கார்ந்தார், அப்புறமும் ஒன்று காலியாக இருந்தது. இடைவேளைக்குள் பாறைவிளையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தாயிற்று, கேலரி பின்பக்கமாகச் சில படிகள் ஏறியிருந்தது, அந்தக் காலி நாற்காலி மட்டும் தீரவில்லை. யாரும் வாயைப் பிளக்கவில்லை. காண்ட்ராக்டர் பிளானைத் தப்பாகப் படித்து அதிகமாகக் கட்டிவிட்டான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள், நம்மூரில் ஒரு காண்ட்ராக்டர் அதிகமாகக் கட்டியதுதான் அவர்களுக்கு அதிசயமாக இருந்தது.

அப்புறம் கேலரி ஆட்டத்துக்கு ஆட்டம் வளர்ந்தது. மைதானத்துக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தின் மேலாகப் போயிற்று, ஒரு சிலுவையையும் இடிக்கவில்லை. செத்தவர்களுக்கு நிழல் கிடைத்தது என்று இருக்கிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். மேல்வரிசைகளில் நெத்திலி காயப்போட்டார்கள், பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியவர்களுக்காக நடுவில் ஒருத்தன் டீக்கடை போட்டான், அங்கே உட்கார்ந்தவர்கள் பருப்புவடை தீரும்வரை ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சிப்படியில் நின்றால் ஆழ்கடலில் கிடக்கிற வள்ளங்கள் தெரியும், எவன் வலை வீசுகிறான் எவன் துண்டை மூடித் தூங்குகிறான் என்று பெண்டாட்டிமார் பார்த்து வைத்துக்கொண்டு, கரைக்கு வந்தவனிடம் மெதுவாக விசாரித்தார்கள். ஓடிப்போன ஒரு ஜோடியை வீட்டார் நாகர்கோவில் லாட்ஜுகளில் தேடிக்கொண்டிருக்க, அவர்கள் மேலே எங்கேயோ அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள், டீக்கடைக்காரனுக்கு மட்டும் தெரியும், அவன் சொல்லவில்லை.

ஊர் இப்படிச் சந்தோஷமாக இருக்க, எமரன்சிக்கு மட்டும் கேலரியைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

எமரன்சி மீன் விற்கிறவள். இரண்டு தெரு தள்ளி அவள் கூவினால் இங்கே அடுப்பில் உலை வைத்துவிடுவார்கள், அப்படிப்பட்ட தொண்டை. பழைய கேலரியில் முதல் பலகை அவளுடையது. அந்தக் கேலரி தென்னந்தடியும் உடைந்த வள்ளத்துப் பலகையும் வைத்துக் கட்டியது, உட்கார முடியாது, நிற்கத்தான் வேண்டும், நின்றால் உங்கள் முழங்கை அடுத்தவன் விலாவில், அவன் தாடை உங்கள் தோளில், முன்னால் நிற்பவனின் வியர்வை உங்கள் மூக்கில். ஊரில் சண்டை இல்லாத வீடு கிடையாது, ஆனால் கேலரிக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பலகைமேல் நிற்கிறவரை சொன்னதும் தொட்டதும் கணக்கில் வராது. மருமகள் மாமியாரை ஏசலாம், கோல் விழுந்தால் கோர்ட்டில் எதிரெதிரே நிற்கிற இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், கீழே இறங்கி மணலில் கால் வைத்ததும் எல்லாம் பழையபடி. ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் ஊர் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துதான் ஆக வேண்டும், எத்தனையோ வருஷப் பகையோடு ஊர் உடையாமல் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

எமரன்சியின் தம்பி கஸ்பார் நெடுந்துறையின் கோல்கீப்பராக இருந்தவன். ஒரு வருஷம் புயலில் அவன் வள்ளம் போயிற்று, அதே மழைக்காலத்தில் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அந்த வருஷத்துக் கோப்பை ஆட்டத்தில், பச்சைப்பிள்ளை உருட்டியதுபோல வந்த ஒரு பந்தை அவன் கையிலிருந்து நழுவவிட்டான். ஆட்டம் முடியும்வரை எமரன்சி அவனை ஏசாத ஏச்சு இல்லை, அவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அக்காளிடம் ஏச்சு வாங்காதவன் என்ன கோல்கீப்பர். ஆனால் கேலரியை விட்டு இறங்கும்போது, எதிரே கையுறையோடு நின்றவனைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாமல் ஒன்று சொன்னாள்:

"உனக்க கையில எதுதாம்ல நின்னிருக்கு?"

கஸ்பார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். ஒரு கால் பலகையில் இருந்தது, இன்னொரு கால் மணலில் இருந்தது என்பது அவன் கட்சி. இரண்டும் பலகையில்தான் என்பது அவள் கட்சி. ஊர் இரண்டாகப் பிரிந்து சாட்சி சொன்னது, அன்றைக்கு மைதானத்துக்கே வராதவர்களும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். கஸ்பார் கையுறையைக் கழற்றியதோடு ஆட்டத்தையும் விட்டான், அக்காளோடு பேச்சையும் விட்டான். நெடுந்துறையில் பேச்சு முறிந்தால் யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்கள் தப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம், எமரன்சி எதை வேண்டுமானாலும் செய்வாள், ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இருந்தாலும் ஆட்டநாளில் கூட்டம் அவர்களை ஒரே இடத்தில் கொண்டுபோய் நெருக்கிவிடும். முதல் பலகையில் இரண்டு பேரும் தோளும் தோளும் இடிக்க, நேரே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோல் விழுந்தால் அவன் அவளைத் தூக்கிவிடுவான், அவள் அவன் வியர்த்த தலையைப் பிடித்து முத்தமிடுவாள், ஒரு வார்த்தை கிடையாது, அடுத்த நிமிஷம் மறுபடி நேரே பார்ப்பார்கள். தம்பி தன்னிடம் பேசாவிட்டாலும் தன் கைக்கு எட்டுகிறான் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

புதிய கேலரி வந்ததும் அது போயிற்று. முதல் ஆட்டத்தில் கஸ்பார் அவள் வரிசையில்தான் உட்கார்ந்தான், நடுவில் ஒரு நாற்காலி விட்டு. அடுத்ததில் ஒரு வரிசை மேலே போனான். இடம்தான் அள்ளிக் கிடக்கிறதே, யார் யாரோடு இடிபட வேண்டும்? அவன் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் ஆயிற்று. வேலித்தகராறுக்கு மூன்று நாற்காலி, கல்யாணத்தில் மரியாதை செய்யாததற்கு ஐந்து, ஏலத்தில் குறுக்கே விழுந்ததற்கு ஒரு வரிசை என்று இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள், ஊரின் பகையெல்லாம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கீழே நின்று பார்த்தாலே தெரிந்தது, கல்யாணத் தரகர்கள் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். கஸ்பார் ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறினான். டீக்கடையைத் தாண்டினான், நெத்திலியைத் தாண்டினான். கடைசியில் எமரன்சிக்கு அவனுடைய சிவப்புச் சட்டைதான் தெரிந்தது, அதுவும் அண்ணாந்து பார்த்தால்தான்.

இதற்கிடையில் நெடுந்துறை தோற்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் வெளியூர் அணிக்காரன் இந்த மைதானத்தில் கால் வைக்கும்போதே சிலுவை போட்டுக்கொள்வான், கேலரி போடுகிற சத்தத்தில் ரெஃபரி ஊதுகிற விசில் ரெஃபரிக்கே கேட்காது. இப்போது கைதட்டினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டியது. மேல்வரிசைக்காரர்கள் கோலுக்குப் போட்ட சத்தம் கீழே வந்து சேர்வதற்குள் அடுத்த கோலை எதிரி போட்டிருப்பான், அவன் அந்தச் சத்தத்தைத் தனக்கென்று நினைத்துக் கும்பிடுவான். பாறைவிளையின் கோல்கீப்பர் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே கோல் கம்பத்தில் சாய்ந்து நகம் கடித்தான். அது நெடுந்துறைக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இந்தக் கேலரியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கோவில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். உட்காருகிற கட்சிக்கு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் கிளீற்றஸ் தலைவர். அவர் குட்டையானவர், ஆயுள் முழுக்கப் பழைய கேலரியில் முன்னால் நின்ற நெட்டை சூசைமிக்கேலின் பிடரியைப் பார்த்தபடி நின்றவர், அந்தப் பிடரி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்துப் பந்து போகிற திசையைத் தெரிந்துகொண்டவர். இந்த வயதில்தான் ஒரு கோலை முழுசாகப் பார்த்தேன், அதையும் பிடுங்காதீர்கள் என்று அவர் கைகூப்பிக் கேட்டபோது எதிர்க்கட்சியிலும் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் எழுந்து, நாங்களும் இப்போதுதான் ஆட்டம் பார்க்கிறோம், பழைய நெரிசலில் எங்களை எவன் விட்டான் என்று கேட்டார்கள். நிற்கிற கட்சிக்காரர்கள் கோவில் முகப்பில் இருந்த மிக்கேல் சம்மனசின் சிலையைக் காட்டினார்கள். அவர் பேயை நின்றுகொண்டுதானே மிதிக்கிறார், நாற்காலி போட்டு உட்கார்ந்தா மிதிக்கிறார்? சம்மனசுக்கு மூட்டுவலி கிடையாது என்றார் கிளீற்றஸ். கூட்டம் இரண்டு பட்டு, சாமியார் மணியடித்து, யாரும் கேட்காமல், மணியைக் கீழே வைத்தார்.

எமரன்சி எழுந்தாள். "வசதியா இரிக்கதுக்கு வீட்டுல கட்டில் கெடக்கு. கேலரிக்கு எதுக்கு வாறோம்?"

ஆட்டம் பார்க்க என்றார் கிளீற்றஸ். ஆனால் மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் ஆட்டம் பார்க்கப் போனவர். என் தம்பி என் கையைவிட்டுப் போகிறான் என்று சொல்லத்தான் எமரன்சி எழுந்தாள். கஸ்பார் முற்றத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான், அவன் காதுபட அதைச் சொன்னால் அவனிடம் பேசியதாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

செய்யாத வைத்தியம் இல்லை. நாற்காலிகளைப் பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள், லாரி முக்கு திரும்புவதற்குள் புதிதாக முளைத்திருந்தன. எல்லாரையும் கீழ்வரிசைகளில் கயிறு கட்டி அடைத்தார்கள், வரிசை அகலமாகி மைதானத்தின் இரண்டு பக்கமும் ஓடிற்று, ஒருத்தன் கார்னர் கொடிக்கும் அப்பால் எவனுடைய தென்னந்தோப்பிலோ உட்கார்ந்திருந்தான். கடைசியில் சாமியாரை இழுத்துவந்து, கொடுத்த வரத்தைத் திருப்பி வாங்கச் சொன்னார்கள். கேட்பதற்குத்தான் செபம் இருக்கிறது, போதும் என்று சொல்வதற்கு எந்தப் புத்தகத்திலும் செபம் இல்லை என்று அவர் கையை விரித்தார். அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. தோற்பதற்கும் பழகிக்கொண்டது.

அந்த வருஷம் எப்படியோ தட்டுத்தடுமாறி நெடுந்துறை இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது, எதிரே பாறைவிளை. எமரன்சி முதல் வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள், ஒற்றைத் தொண்டை என்ன செய்யும், இடைவேளைக்கு ஊர் ஒரு கோல் பின்னால் இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். சிவப்புச் சட்டை தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள், வரிசை வரிசையாகத் தேடினாள், தெரியவில்லை. இன்றைக்குப் போகவிட்டால் இவன் இனிமேல் இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதும், கையில் இருந்த கொடியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஏற ஆரம்பித்தாள்.

வேலித்தகராறுகளைத் தாண்டி ஏறினாள், ஏலப்பகைகளைத் தாண்டி ஏறினாள், பிள்ளைத்தாய்ச்சிகள் கால் நீட்டி மாங்காய் தின்கிற வரிசையைத் தாண்டி, என்ன எமரன்சி கட்சி மாறிட்டியா என்று கேட்ட கிளீற்றஸைத் தாண்டி, டீக்கடையில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு டீயைக் குடித்து, நெத்திலியை மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்து, ஓடிப்போன ஜோடி தொட்டில் கட்டியிருந்ததைக் கண்டும் காணாமல், மூச்சு இரைக்க இரைக்க ஏறினாள், கீழே ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, இங்கிருந்து பார்க்க ஆட்டக்காரர்கள் கடுகு சிந்தியதுபோலக் கிடந்தார்கள். கஸ்பார் தனியாக உட்கார்ந்திருந்தான், சட்டையின் நிறம் வெயிலில் போய்விட்டிருந்தது. அவளைப் பார்த்தான், நேரே திரும்பிக்கொண்டான்.

அவள் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்த்தால் நடுவில் ஒரு காலி நாற்காலி இருந்தது. அதில் நகர்ந்து உட்கார்ந்தாள், மறுபடி நடுவில் ஒன்று இருந்தது. இடம் கொடுக்கிறேன் இடம் கொடுக்கிறேன் என்று உயிரை வாங்குகிற சம்மனசை அவள் மனசுக்குள் ஏசினாள், பலகையிலும் இல்லை மணலிலும் இல்லை, அதனால் அது எந்தக் கணக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் எழுந்துபோய், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே இடுப்பால் ஒரு இடி இடித்தாள்.

"தள்ளி இரிலே."

நெடுந்துறையில் ஒரு மனுஷி தானாக வாய் திறந்து தோற்றது அன்றைக்குத்தான். கஸ்பார் அசையவில்லை. அவள் பாதி நாற்காலியில் தொற்றிக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "அன்னைக்கு ஒரு கால் மணலுலதான் இருந்து. எனக்குத் தெரியும். சொன்ன உடனயே தெரியும்."

 கஸ்பார் ஒரு பக்கமாக ஒதுங்கி இடம் விட்டான். "நீ சொன்னதுல என்ன தப்பு இருக்கு, அக்கா," என்றான். "எனக்கு அது முன்னயே தெரியும். நீ சொல்லாம இருந்திருக்கலாம், அவ்வளவுதான்."

எமரன்சி அழுதாள். கத்துவதற்கென்றே பிறந்த தொண்டையில் அழுதால் எப்படி இருக்கும், சுற்று வரிசைகளில் தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். நாற்காலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றும் முளைக்கவில்லை, இரண்டு பேருக்கு ஒரு இடம் போதுமென்றால் சம்மனசு என்ன செய்ய முடியும். அப்போது கீழே கடுகுகளெல்லாம் ஒரு மூலைக்கு ஓடின, யாரோ எழுந்து குதித்தார்கள், கோல், எவனோ கோல் போட்டுவிட்டான், கஸ்பார் அக்காளைத் தூக்கினான், அவள் அவன் தலையைப் பிடித்து முத்தினாள், இரண்டு பேரும் கேலரியின் உச்சியில் குதிகுதியென்று குதித்தார்கள்.

அது பாறைவிளை போட்ட கோல்.

நெடுந்துறை எதை வேண்டுமானாலும் பொறுக்கும், இதைப் பொறுக்காது. முதலில் டீக்கடைக்காரன்தான் பார்த்தான், அவன் டீத்தூக்கை வைத்துவிட்டு மேலே ஓடிவந்தான். அவன் பின்னால் ஏலக்காரர்கள் வந்தார்கள், வேலித்தகராறுக்காரர்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் மாங்காயோடு வந்தார்கள், தொட்டிலில் கிடந்ததையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிப்போன ஜோடியே வந்தது. தூரத்தில் நின்று ஏசினால் காதில் விழாது, பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்து ஏச வேண்டும், எல்லாருக்கும் முதலில் தான் ஏச வேண்டும், அதனால் ஒருவரை ஒருவர் இடித்து முண்டி, தோள்மேல் தாடை வைத்து, விலாவில் முழங்கை கொடுத்து நெருங்கினார்கள். யாரும் இடம் கேட்கவில்லை, உட்காரவும் நினைக்கவில்லை. கேலரி கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்க ஆரம்பித்தது. வரிசை வரிசையாக மடங்கி, கல்லறைகளை மறுபடி வெயிலில் விட்டு, நெத்திலியோடும் டீக்கடையோடும் இறங்கி, அத்தனை பேரையும் அண்ணன்தம்பி பெண்டாட்டிபிள்ளை என்று பாராமல் ஒரே கொத்தாகக் கொண்டுவந்து மைதானத்தின் ஓரத்தில் வைத்தது.

சத்தம் கிளம்பியது. ரெஃபரி விசிலை ஊதிப்பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பாறைவிளையின் கோல்கீப்பர் நகத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இத்தனை ஏச்சும் தனக்குத்தான் என்று நினைத்து நடுங்கினான், அந்த நடுக்கத்தில் நெடுந்துறைக்காரன் ஒருத்தன் பந்தை உள்ளே தள்ளினான், அப்புறம் இன்னொருத்தன் தள்ளினான். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்காளையும் தம்பியையும் ஏசிக்கொண்டிருந்தார்கள், ஹெட்மாஸ்டர் கிளீற்றஸ் நாற்காலிமேல் ஏறி நின்று, தான் பாடம் நடத்திய காலத்தில் காதால்கூடக் கேட்டிராத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில், அந்த ஒற்றை நாற்காலியில் தம்பியோடு மறுபடி உட்கார்ந்துவிட்ட எமரன்சிக்கு மூச்சு முட்டியது. யாருடைய கூடையோ முதுகில் குத்தியது, சேலை முந்தானை எவன் காலிலோ மாட்டியிருந்தது. கஸ்பார் எழுந்திருக்கப் பார்த்தான்.

"அக்கா, ஊரே நம்மள ஏசுகு."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஏசட்டும், மக்கா. நீ இரி."